மெஷின் சூடாகும் வரை

ஊர்ப் பெயரில் தலை இருக்கிறது.
தலைஞாயிறு.
தண்ணீர்க் கணக்கில் நாங்கள் கடைமடை.
அந்தக் கடையில் எனக்கொரு கடை,
ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங்.
மூன்று நாளாகத் திறக்கவில்லை.

காரணம் கேட்காதீர்கள்.
காய்ச்சல் இல்லை, சண்டை இல்லை,
யாரும் சாகவில்லை.
சாவி ஆணியில் தொங்குகிறது.
கை நீட்டினால் எட்டும்.
கைதான் நீள மாட்டேன் என்கிறது.

முதல் நாள் கேட்டவர்களிடம் தலைவலி என்றேன்.
இரண்டாம் நாள் கரண்ட் இல்லை என்றேன்,
ஃபேனுக்கடியில் படுத்துக்கொண்டு.
மூன்றாம் நாள் யாரும் கேட்கவில்லை.
அது கொஞ்சம் வலித்தது.

போனில் கோட்டு போட்ட ஒருவர்
எழுந்திரு, உன்னால் முடியும் என்றார்.
படுத்தபடியே பார்த்தேன்.
இன்னொருவர் சொன்னார்,
நாலரை மணிக்கு விழித்தால் வாழ்க்கை மாறுமாம்.
நாலரைக்கு விழித்துத்தான் இருந்தேன்.
பால் வண்டி போனது. வேறொன்றும் நடக்கவில்லை.

ஆடிக்காற்று கூரைத் தகரத்தைப் போட்டு அடித்தது.
ஒரு பழைய தகரத்துக்கு
எங்கிருந்து இவ்வளவு வேகம் கிடைக்கிறது
என்று யோசித்ததில்
ஒரு காலைப்பொழுது போயிற்று.

ரெத்தினவேல் பதினோரு முறை கூப்பிட்டான்.
பன்னிரண்டாவது முறை எடுத்தேன்,
அவனுக்காக இல்லை,
அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று.
"அக்கா, சொசைட்டியில மத்தியானத்தோட
லோன் மனு வாங்குறத நிறுத்திருவாங்க.
அடங்கல் நகல் ஒண்ணே ஒண்ணு.
பஸ்ஸையும் விட்டுட்டு
ஒங்க ஷட்டர் முன்னாலதான் நிக்கிறேன்."

ஒண்ணே ஒண்ணு.
கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம்.
நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன்.
தலை வாரவில்லை,
இரண்டு ரூபாய் வேலைக்கு
அதெல்லாம் கட்டுப்படியாகாது.

ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது.
பாதி போதும் என்று குனிந்து நுழைந்தேன்.
ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் இருமியது.
காத்திருக்கவும், சூடாகிறது
என்று பச்சை எழுத்தில் ஓடவிட்டது.

மூன்று நாள் குளிர்ந்து கிடந்ததற்கு
ஐந்து நிமிடம் கேட்கிறது.
அதை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.
ரெத்தினவேல்கூட
திரை விலகக் காத்திருப்பவனைப் போலக்
கைகட்டி நின்றான்.

மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
முதலில் ஒன்றும் தெரியவில்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று
தண்ணி வந்துச்சா என்றேன்.
மேட்டூரில் பூத் தூவித் திறந்து
முப்பத்தாறு நாள் ஆகிறது.
"நேத்து ராத்திரி அரிச்சந்திரா நதியிலேர்ந்து
நம்ம வாய்க்காலுக்குத் திரும்பிருச்சுக்கா.
ஆனா முன்னால குப்பைதான் வருது.
வெங்காயத்தாமரை, குவார்ட்டர் பாட்டில்,
ஒத்தைச் செருப்பு.
அதுக்குப் பின்னாடி
காபித்தண்ணி மாதிரி வெரக்கடை ஒசரத்துக்கு ஊருது.
நாய் ஒண்ணு பயந்துபோய்
அதைப் பாத்துக் குலைக்குது."

சிரிப்பு வந்தது. என்னுடையதுதான்.
தொண்டையில் மூன்று நாள் தூசி.

முதல் நகலில் நடுவே கறுப்புக் கோடு.
இரண்டாவதிலும் இருந்தது, மெலிதாக.
மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
கிராமக் கணக்கு எண் தெளிவாத் தெரியுது என்றான்.
ஒரு நகலுக்கே காசு வாங்கினேன்.

அவன் போனதும் மூடிவிட்டுப் போயிருக்கலாம்.
மூடத்தான் குனிந்தேன்.
பாதி ஷட்டருக்குக் கீழே
இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன,
ஒன்றில் கொலுசு,
இன்னொன்றில் முழங்கால் வரை சேறு.

நாளைக்குத் திறப்பேனா, தெரியாது.
கோட்டு போட்டவருக்குச் சொல்ல
என்னிடம் எதுவும் இல்லை.
பேப்பர் கட்டிலிருந்து ரப்பர் பேண்டை உருவி
முடியைக் கட்டிக்கொண்டேன்.
மெஷின் தயார் என்றது.
ஷட்டரை
இன்னும் ஒரு முழம் தூக்கிவிட்டேன்.