மற்றவை

மோக்போ துறைமுகத்தில்
கணவாய்க் குழம்புக் கடையின் மாடி அறை.
நாற்பத்தோரு பெண்கள்.
எல்லோருக்கும் கத்தரிப்பூ நிற மேலங்கி,
முதுகில் வெள்ளி நூலில் அவர் பெயர்.

பொருளாளர் தோக்-சிம் எழுந்து
ஆண்டுக் கணக்கை வாயாலேயே சொன்னாள்.
பிறந்தநாளுக்குப் பேருந்து விளம்பரம் இவ்வளவு,
கச்சேரி வாசலில் அடுக்கிய அரிசி மூட்டை இவ்வளவு,
மற்றவை
இரண்டு கோடியே இரண்டு லட்சத்து இருபதாயிரம் வொன்.
கை தட்டினார்கள்.
மீன் வறுவல் வந்தது.

நான் கையைத் தூக்கினேன்.

இருபத்திரண்டு வருஷம்
பேருந்துப் பணிமனையில் உண்டியல் எண்ணியவள்,
பைகளைத் தைத்து மூடிய சீருடையில்.
சாயங்காலம் வாசலில்
காலணியைக் கழற்றி உதறிக் காட்டுவோம்.
சிலருக்கு அது அவமானம்.
எனக்கோ
காட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கிற நடை
அத்தனை லேசு.

"மற்றவை என்றால் எவை?"

"கும்-ரே அக்கா, அவர் காதுக்குப் போனால் என்ன நினைப்பார்?"
"அன்பாகக் கொடுத்ததற்கு ரசீதா?"
"இவள் போன மாதம் அந்த இன்னொருத்தன் கச்சேரிக்குப் போனாளே!"
போனேன்தான்.
சீட்டு சும்மா கிடைத்தது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இங்கே ஆறில்லை, கடல்தான்.
கடல் கேட்காது,
அதனால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது
என்று சொல்ல நினைத்தேன்.
வாயில் மீன் முள்.

தலைவி ஹ்வா-ஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தோக்-சிம் அழவில்லை.
கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து
ஊறுகாய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஐந்து பேர் போனோம்.
ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் வாடகைக் கிடங்கு,
மாதம் அறுபதாயிரம்.
இரும்புத் திரையை ஏற்றினால்
தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள்.
உள்ளே அவருடைய புது ஆல்பம்,
கண்ணாடித்தாள் பிரிக்காத குறுந்தகடுகள்.
ஆயிரத்து முந்நூறு முறை அதே புன்னகை.

செருப்புப் பெட்டி ஒன்றில் ரசீதுகள்
தேதி வாரியாக.
ஒரு வொன் குறையவில்லை.
திருடியிருந்தால்
திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

"ஏன் சொல்லவில்லை?"

"மார்ச் மாதம் பாட்டு ஏழாம் இடத்துக்கு வந்ததே,
ஞாபகமிருக்கிறதா?
நீங்கள்கூட அழுதீர்கள், அக்கா."

ஆமாம், அழுதேன்.
இரவு பதினொரு மணிக்குத் தனியாக,
அரிசி களைந்துகொண்டே,
நாடே கடைசியில் அவரைக் கேட்டுவிட்டது என்று.
அந்த நாடு
இந்தக் கிடங்கில்
ஈரம் படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.
என் பங்கு நான்கு லட்சத்துத் தொண்ணூறாயிரமும் சேர்த்து.

பழக்கம் விடுமா?
மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு எண்ணினேன்.
மற்ற மூவரும் குளிருக்குக் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
இரண்டு முறை எண்ணினேன்.
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"ஒன்று குறைகிறது, தோக்-சிம்."

அப்போதுதான் அவள் முகம் சிவந்தது.
"அது வீட்டில் இருக்கிறது.
பிரித்துவிட்டேன்.
கேட்கலாமே என்று."

யாரும் சிரிக்கவில்லை.
தூரத்தில் ஒரு படகு எஞ்சின்
பிடித்துப் பிடித்து அணைந்தது.

பதினைந்தாயிரத்தை எண்ணி நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான்.
ரசீதுப் புத்தகம் என்னிடம் எப்போதும் இருக்கும்.
கார்பன் தாளைச் செருகி
அழுத்தி எழுதினேன்:

விற்றது ஒன்று.

மேல்தாள் அவளுக்கு.
அடித்தாளை மறுநாள்
கணவாய்க் கடைச் சுவரில்
விலைப் பட்டியலுக்குக் கீழே ஒட்டினேன்,
அதற்குப் பக்கத்தில் மற்றவை முழுவதையும்
வரி வரியாக.

சிலர் வாசிக்காமல் சாப்பிட்டார்கள்.
பதினோரு பேர் மேலங்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
அதையும் எழுதினேன்:
வரவு, பதினொன்று.