நட்சத்திரம் விழாத எண்

காற்று முற்றும் நாட்களில் புந்தா அரேனஸில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள், பிடித்து நடக்க.
அப்படியொரு காலையில்
கயிற்றைத் தொடாமலே வந்து சேர்ந்தான்
எலிசேயோ பர்ரியா, பதின்மூன்று வயது.
"என்னைக் காற்று தூக்காது" என்றான்,
மற்றவர் சொல்லுமுன் தானே சொல்லிவிடும் அவசரத்தில்.

கண்ணுக்குத் தெரியாது இவன் நரம்பு.
முழங்கை மடிப்பில் விரல் வைத்துக் கேட்க வேண்டும்,
சுவருக்குள் ஓடும் குழாயைத் தேடுவதுபோல.
மூன்றாம் குத்தில் கிடைத்தது.
கொழுப்பு என்றால் திமிர் என்று எவன் சொன்னான்?
மன்னிப்புக் கேட்டது இவன்.
குத்தியது நான்.

சுழலியில் பத்து நிமிடம்.
மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர்
கழுநீராய்க் கலங்கி நின்றது.

ஏ.எல்.டி. தொண்ணூற்றொன்று.
செல்லுக்குள் வேலை பார்க்க வேண்டியது அது;
சுவர் விரிசல் விட்டால் ரத்தத்தில் இறங்கும்,
அடுப்படிச் சண்டை தெருவுக்கு வருவதுபோல.
கல்லீரல் தானாக வாய் திறக்காது.
வலிக்காது.
வீங்கிக்கொண்டே சும்மா இருக்கும்,
கடைசி பெஞ்சில் இவன் இருப்பதுபோல.
எண்ணுக்குப் பக்கத்தில்
இயந்திரம் ஒரு நட்சத்திரம் போட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது இவனைப் பற்றி அல்ல.

கூட வந்த தங்கை, ரயேன், பதினொன்று.
அண்ணன் பயப்படக் கூடாதென்று
மருத்துவரிடம் தனக்கும் ஒரு சீட்டு கேட்டு வாங்கியவள்.
பின்கழுத்தில் கழுவினாலும் போகாத கறுப்பு;
அழுக்கென்று அம்மா தேய்த்துத் தேய்த்து
ஓரம் சிவந்திருக்கிறது.
அவள் எண் முப்பத்தெட்டு.
நட்சத்திரம் இல்லை.

நாற்பது வரை நலம் என்கிறது தாள்.
அந்த நாற்பது
யாரோ வளர்ந்த ஆண்களின் ரத்தத்தில் அளந்தது.
இந்த வயதுப் பெண்ணுக்கு
இருபத்திரண்டைத் தாண்டினாலே
யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும்.
எல்லையை மாற்றச் சொல்லி
சாந்தியாகோவுக்குக் கடிதம் போயிருக்கிறது,
வரும் வரும் என்கிறாள் மேலாளர் ஒதெத்,
இரண்டு குளிர்காலமாக.

பேனாவை எடுத்தேன்.
இயந்திரம் போடாத நட்சத்திரத்தை
மூன்று கோடு, கொஞ்சம் கோணலாக,
கையால் போட்டேன்.
விதிப்படி குற்றம்.

கதவு திறந்ததும் காற்று தாளைப் பறித்தது.
ஓடிப் பிடித்தவள் ரயேன்.
"பாரேன், எனக்கும் ஒரு ஸ்டார்!" என்று
அண்ணனிடம் நீட்டினாள்.

அவன் சிரிக்கவில்லை.
இந்தமுறை கயிற்றைப் பிடித்தான்.
மறு கையில்
அவள் மேல்சட்டையின் தொப்பி.