உயரம் போதவில்லை

நவம்பரில் ஹார்லிங்கன் துறைக்கு யாரும் வருவதில்லை.
வந்தாலும் மணல் ஏற்றிய தட்டைப் படகு,
பாலத்தடியில் குனிந்து போய்விடும்.
இரவுப் பணியில் இரண்டு முறை பொத்தானை அழுத்தினால் அதிகம்.
மிச்ச நேரத்துக்குத்தான்
இந்த மூவாயிரத்துச் சொச்சம் பிளாஸ்டிக் செங்கல்.

ஏரா போட்டது செப்டம்பரில்.
சதுரமும் நீள்சதுரமும் தவிர வேறொன்றும் அறியாத துண்டுகளை வைத்து
எங்குமே நேர்கோடு இல்லாத ஒன்றைக் கட்டவேண்டும்.
அணியத்தின் வளைவுக்கு மட்டும் பதினோரு இரவு.
ஒரு வரிசை அரைப்புள்ளி உள்ளே,
அடுத்தது அதிலிருந்து அரைப்புள்ளி.
கிட்டத்தில் வெறும் படிக்கட்டு.
கெட்டிலைப் போட எழுந்துபோய்க்
கதவருகிலிருந்து திரும்பிப் பார்த்தால்
வளைந்திருக்கும்.
செங்கல்லைக் கண்டால் கப்பலைக் காணோம்;
கப்பலைக் கண்டால்
காபி ஆறிப்போகிறது.

காலை ஆறுக்குச் சியூக்யா வருவாள்.
பணி மாற்றும் பேச்சு நான்கு வரி:
காற்று வடமேற்கு.
கிழக்கு விளக்கு எரியவில்லை.
ஹீட்டர் முனகுகிறது.
போய்த் தூங்கு, வூபோ.
கப்பலைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.
அக்டோபர் நடுவில் ஒரு இரவு எண்ணிப் பார்த்தேன்:
இடப்புறம் பதினாறு பீரங்கி.
நான் வைத்தது பதினான்கு.

நானும் கேட்கவில்லை.
வேண்டுமென்றே மறுநாள்
பின்புறத்து ஜன்னல்களைப் பாதியில் விட்டுப்போனேன்.
முடித்திருந்தாள்.
மஞ்சள் கண்ணாடித் துண்டுகள்,
உள்ளே யாரோ விளக்கு வைத்துக்கொண்டு
சம்பளக் கணக்கு எழுதுவதுபோல.

மேல்தளத்தை மூடுமுன் வயிற்றை நிரப்பவேண்டும்.
வெளியே தெரியாது, அதனால் எந்த நிறமும் ஆகும்.
என் பையன்கள் விட்டுப்போன தீயணைப்பு வண்டியின் சிவப்பு,
யாருடையதோ குதிரை லாயத்தின் ஊதா,
ஒரு பேக்கரிப் பலகையில் பாதி.
அந்தக் காலத்துக் கப்பலும் அப்படித்தானே இருந்திருக்கும்,
வெளியே கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாய் ஒரே மிடுக்கு,
உள்ளே நார்வேக்காரன், கடனுக்குப் பிடிபட்டவன்,
பன்னிரண்டு வயதில் வெடிமருந்து சுமந்தவன்,
ஒரு ஆடு.
அவள் நடுவில் ஒரு பொம்மை மனிதனைப்
படுக்க வைத்திருந்தாள், குப்புற.
எடுத்துவிடலாமா என்று விரல் போனது.
அவன் மேலேயே தளத்தை வைத்து அழுத்தினேன்.
டக்.

நேற்று நடுப் பாய்மரம்.
முதல் துண்டு நின்றது, இரண்டாவது நின்றது,
மூன்றாவது கூரையில் இடித்தது.
நான்கு விரல் குறைவு.

இருபத்திரண்டு வருடம்
எவன் பாய்மரத்தோடு வந்து ஊதினாலும்
மணியடித்து, சாலையை மறித்து,
நாற்பது டன் இரும்பைத் தூக்கி வழிவிட்டிருக்கிறேன்.
ஒரு தரம் ஆம்புலன்ஸைக்கூட நிறுத்தினேன்.
உல்லாசப் படகு ஒன்று, வெள்ளைப் பாய், பாதி வழியில்.
ஆறு நிமிடம்.
தவறில்லை, விதிப்படிதான்;
அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.
அன்றைக்கும் காலையில் சியூக்யாதான் வந்தாள்.
காற்று மேற்கு என்றேன்.
போய்த் தூங்கு என்றாள்.

இந்தக் கூரையைத் தூக்க மட்டும் பொத்தான் இல்லை.
மூன்றாம் துண்டை மேசையிலேயே போட்டுவிட்டு,
பருமல்களுக்குக் கயிறுகூடக் கட்டாமல் வீட்டுக்குப் போனேன்.

இன்று இரவு வந்து பார்க்கிறேன்:
கூரையில் ஒரு அட்டைத் தகடு கழற்றப்பட்டிருக்கிறது.
பாய்மரத்தின் நுனி
வயர்களுக்கும் பழைய தூசிக்கும் நடுவே
இருட்டுக்குள் போய் நிற்கிறது.
தளத்தின் மேல் கொஞ்சம் தூசி உதிர்ந்திருக்கிறது, துடைக்கவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். அவள் கையெழுத்து:
பதினான்கு இருபது. போர்க்கப்பல், ஒன்று.
உயரம் போதவில்லை. திறந்தேன்.
காத்திருந்த வண்டிகள்: இல்லை.

கடைசி வரியை அவள் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாள்.
பின்பக்கத்தில் தடவினால் தெரிகிறது.