இடது கார்னர்

நெல்லைக் கொட்டி ஆறு நாள்.
மீட்டர் பத்தொன்பது என்கிறது.
பதினேழுக்கு இறங்கும்வரை
காலையில் தார்ப்பாயை விரிக்கலாம்
பனி விழுமுன் மூடலாம்
நடுவில் கோரையாறு பிரதர்ஸ் தோற்றதைப் பேசலாம்.

பேசினோம்.

இருபத்தேழு, இருபத்தெட்டு.
ஒரே ஒரு புள்ளி.
அதுவும் கீழமருதவெளிக்காரனிடம்,
நம்ம திடலில்,
நாமே வசூல் பண்ணிக் கட்டிய ஹாலஜன் வெளிச்சத்தில்.

ரைடு சரியில்லை என்றார் ஜபருல்லா.
மூன்று ஆட்டமாக சோவியத்ராஜ்
பெண் பார்க்கப் போனவன் மாதிரிதான் போகிறான்:
பஜ்ஜி தின்றோம், பதில் சொல்லி அனுப்புகிறோம்,
வந்துவிட்டோம்.

ரைடரை விடு, செயின் எங்கே என்றார் அடைக்கலம்.
கவரும் கார்னரும் கை கோத்தால்
மதகுப் பலகை மாதிரி இறங்க வேண்டாமா?
இவர்கள் கோத்தது
கல்யாண போட்டோவுக்குக் கோத்த கை.

நான் கணக்கு ஆள்.
சொசைட்டியில் பதினொரு வருஷம் உர மூட்டை எண்ணியவன்.
மடித்த சாக்கின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினேன்.
கடைசி ரைடு. நாம் ஒரு புள்ளி முன்னால்.
உள்ளே நம்மவர் ஐந்து பேர்,
ஆகவே போனஸ் கிடையாது.
முப்பது விநாடி
பின்கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால் போதும்.
அறுத்த வயலில் நிற்கிற கொக்குக்குக்கூட
அது தெரியும்.

முருகையன் பாய்ந்தான்.
கணுக்காலுக்கு.
தனியாக.
வந்தவன் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டுபோய்
நடுக்கோட்டில் விரலை வைத்தான்.
ரெண்டு புள்ளி.

"இடது கார்னரை மாத்தணும்" என்றேன்.
"ஃபார்ம் போச்சு. காலு கனத்துப்போச்சு.
பாயணும்னா பதினெட்டு வயசுப் பய வேணும்."

பக்கத்து அம்பாரத்தைத் தூக்க லோடுமேன்கள் வந்து நின்றிருந்தார்கள்.
ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான்.
எவ்வளவு நேரமாக நிற்கிறானோ
தெரியாது.

வலது முட்டியில் பேண்டேஜ்,
உமித் தூசியில் நெல் நிறத்துக்கு வந்திருந்தது.
நேற்று மட்டும் நூற்றெண்பது சிப்பமாம்,
பிறகு யாரோ சொன்னார்கள்.

"அண்ணே" என்றான், கோபமில்லாமல்,
எடை சொல்கிற குரலில்.
"வைரக்கண்ணு முட்டியில அவன் கட்டவிரல் பட்டுச்சு.
எனக்கு நேரா தெரிஞ்சிது.
அப்பவே இருபத்தேழுக்கு இருபத்தேழு.
விட்டா டை. புடிச்சா ஜெயிப்பு.
பட்டவன் வாயத் தொறக்கல.
செயினுக்கும் வரல."

துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு
குனிந்தான்.

அடைக்கலம் மூடியிருந்த தார்ப்பாயை
இன்னொரு தடவை மூடினார்.
"டை ஆகியிருந்தா
பரிசு ஆட்டைப் பங்கு போட்டிருக்கலாம்"
என்று இழுத்தார் ஜபருல்லா.
யாரும் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி கொசுவோடு படுத்துத்
திருப்பித் திருப்பிக் கூட்டினேன்.
தொட்டதற்கு ஒன்று, தப்பியதற்கு ஒன்று.
கணக்கு அவன் பக்கம்தான் வருகிறது.
எங்கே கழித்தாலும்.

மறுநாளல்ல, அதற்கும் மறுநாள்
மீட்டர் பதினேழு காட்டியது.
என் சிப்பம் அறுபத்து மூன்று.
அவன்தான் தூக்கினான், வேறு இருவரோடு.
கடைசிச் சிப்பம் தலைக்கு ஏறியபோது
அடக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்:
"இருந்தாலும் கணுக்காலுக்குப் போனது தப்பு.
தொடைக்குப் போயிருக்கணும்."

மூட்டைக்கு அடியில் கழுத்து திரும்பாது.
லாரியைப் பார்த்தபடியே சொன்னான்:
"தொடைக்குப் போனா
கூட ஒரு ஆள் வேணும்ணே."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நீடாமங்கலத்தில்.
கேட்கிறவர்களிடமெல்லாம் இப்போது
உறுதியாகச் சொல்லி வருகிறேன்.
வைரக்கண்ணுவை மாற்ற வேண்டும்.
கவர் சரியில்லை.