இரண்டுக்கு ஒன்று

ராணுவம் கழித்துப்போட்ட யூரல் லாரி.
கதவில் நட்சத்திரம் இருந்த இடத்தை
யாரோ சன்னலுக்கு வாங்கி மிஞ்சிய நீலத்தால் மறைத்திருந்தார்கள்.
ஏலத்தில் எடுத்தபோது கேட்டேன்,
ரேடியேட்டரில் என்ன இருக்கிறது?
"ஏதோ இருக்கிறது" என்றான் கிடங்குக்காரன்.

திறந்தால் தேநீர் நிறம். அடியில் துருச்சேறு.
முப்பது வருடமாக ஒவ்வொரு டிரைவரும்
கைக்குக் கிடைத்ததை ஊற்றி
அடுத்தவன் தலையில் கட்டியிருக்கிறான்.

வில்யூய் ஆறு முழங்கை ஆழத்துக்கு இறுகியதும்
பனியை அறுத்து வீடுவீடாய் இறக்குவது என் பிழைப்பு.
எங்கள் ஊருக்குக் குடிநீர் அப்படித்தான் வரும்,
மூலைகளோடு, வாசலில் அடுக்கிவைக்கும்படி.
பனி சுமக்கிற வண்டிக்குள்
பனி நுழையக் கூடாது.
அவ்வளவுதான் என் தேவை.

ப்ரோகோபியின் கடையில் மூன்று கேன்கள்.
நீலம், பச்சை, சிவப்பு.
"சிவப்புதான் உசத்தி" என்றான்
விலைச்சீட்டைப் பார்த்து.
நிறம் வெறும் சாயம், ப்ரோகோபி.
நாளைக்கே ஆலைக்காரன் மனம் மாறினால்
இதே சரக்கு மஞ்சளாக வரும்.

என் ரேடியேட்டர் பித்தளை, மூட்டுக்கு மூட்டு ஈயப் பற்று.
சிலிண்டர் உறைகள் திரவத்துக்குள்ளேயே நிற்பவை.
பிஸ்டனின் ஒவ்வொரு அடிக்கும் உறை அதிரும்,
குமிழிகள் உடைந்து உடைந்து
இரும்பில் ஊசித்துளை போடும்.
அந்த இரும்புக்கு ஒரு மெல்லிய தோல் வேண்டும் எனக்கு.
கேனின் முதுகில் பொடியெழுத்து.
மூக்குக்கண்ணாடி வண்டியில்.
ப்ரோகோபியின் மகள் துயாரா எழுத்துக்கூட்டினாள்:
"சி-லி-கேட்."
பச்சையில் இருந்தது.

கெஸ்கில் என்னோடு பனி அறுப்பவன்.
அவனுக்குத் தண்ணீர் கலப்பதே பிடிக்கவில்லை.
"முழுசாக ஊற்று, வர்வாரா.
குளிரைக் கொல்ல வாங்கியதில்
குளிருக்கு ஏன் பங்கு தருகிறாய்?"

வாதாடவில்லை. மூன்று ஜாம் ஜாடிகளைக் கழுவினேன்.
ஒன்றில் பச்சை மட்டும்.
ஒன்றில் பச்சை இரண்டு பங்கு, பேட்டரித் தண்ணீர் ஒரு பங்கு.
மூன்றாவதில், அவன் ஆசைக்கு,
வீட்டில் கிடந்த பழைய நீலத்தோடு புதுச் சிவப்பு.
மூடியிறுக்கி விறகுக்கொட்டகைக் கூரையில் வைத்தேன்.
ராத்திரி நாற்பத்தெட்டுக்கு இறங்கியது.
பூஜ்யத்துக்குக் கீழே என்று
இங்கே யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

காலையில்,
நீலமும் சிவப்பும் ஆட்டுக்கால் பாயாபோல்
பழுப்பாய்த் திரண்டு கிடந்தன.
பச்சை மட்டும் இருந்த ஜாடி கல்.
தண்ணீர் கலந்தது, சாய்த்தால்
சோம்பலாக, ஆனால் சாய்ந்தது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.
நஞ்சு அளவுக்கு மிஞ்சினால்
வெறும் பனிக்கட்டி.

மூன்று தரம் அலசினேன்.
கடைசி அலசலில் வெளியே வந்தது
ஒரு சோவியத் பொத்தான்.
எப்படி உள்ளே போனது என்று
கெஸ்கில் இரண்டு கதை சொன்னான்.
முப்பத்தைந்து லிட்டர், புனல் வழியே.
குழாய்ப் பூட்டடியில் நாலு சொட்டு பனியில் விழுந்தது.
நாய் வந்தது.
அந்தப் பச்சை தித்திக்குமாம்.
போன வருடம் ஸ்லெப்ட்ஸோவ் வீட்டு நாய்
மூன்று நாள் தள்ளாடிச் செத்தது அந்தத் தித்திப்பில்.
சொட்டு விழுந்த பனியை வேரோடு வாரி
டப்பாவில் போட்டு மேலே இரும்பு வைத்தேன்.
நாய் என்னைக் கஞ்சத்தனக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

மறுநாள் ஐம்பத்தொன்று.
மூன்றாவது முயற்சியில் இருமி, புகைந்து, பிடித்தது.
ஆற்றிலிருந்து திரும்பும்போது
பின்னால் நாற்பது கட்டிப் பனி.
வெப்பமுள் எண்பதில் அசையாமல்.
பக்கத்தில் கெஸ்கில்,
அந்தக் கல்ஜாடியை மடியில் வைத்து
சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடி.
கேபின் சூட்டில்
அது மெல்ல நகரத் தொடங்கியதும் சொன்னான்:
"பார், உறையவே இல்லை."