முக்கால் அங்குலம்

குளச்சல் படகு யார்டில்
ஸ்டோர் கணக்கு என் கையில்.
இருநூறு லிட்டர் அசிட்டோன் டிரம்
மரச்சட்டத்தின்மேல் படுத்துக் கிடக்கும்.
பிசின் உறைவதற்குள்
பிரஷ்ஷோடு ஓடிவருவார்கள்.
கால் லிட்டர், அரை லிட்டர்,
நோட்டில் எழுதுவேன்.

முதல் குழாய் பிளாஸ்டிக்.
குடிவெள்ள டாங்குக்கு வாங்கியதில் மிச்சம்.
மூன்றாம் நாள் அதன் கழுத்து
வெயிலில் வைத்த கருப்பட்டியாய் இளகி
கைப்பிடி என் விரலோடு வந்தது.
"வெள்ளத்துக்கு உள்ளது வெள்ளத்துக்காக்கும்"
என்று சிரித்தார் ஜெரோமியாஸ் முதலாளி.
அடுத்ததையும் விலை பார்த்துத்தான் வாங்கினார்.

அது பித்தளை.
நல்ல கனம், திருகினால் ஒரு நல்ல சத்தம்.
உள்ளே என்ன வாஷர் என்று
யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

ஜூன் கணக்கில் பதினோரு லிட்டர் குறைந்தது.
ஜூலையில் பதினாலு.
தரை காய்ந்தே கிடந்தது.
எண்ணெய் என்றால் கறை காட்டிக்கொடுக்கும்,
தண்ணீர் என்றால் பாசி பிடிக்கும்.
இது போன இடம் தெரியாமல் போகிற இனம்.
வாசம் உண்டு,
ஆனால் அது எப்போதும் உள்ள வாசம்.

எல்லாரும் வின்சிலாஸைப் பார்த்தார்கள்.
கடைசியாய்ப் பூட்டுகிறவன் அவன்.
அவன் மச்சானுக்குத் தக்கலையில் பெயின்ட் கடை.
வேறென்ன வேண்டும்?
முதலில் பேசியது என் நோட்டுதான்,
அதையும் எழுதிவிட வேண்டும்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சாவியை மேசைமேல் வைத்தான்.
மழைக்கோட்டை ஆணியிலேயே விட்டுப் போனான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை கரண்டு போயிற்று.
கம்ப்ரஸர் நின்றது, கிரைண்டர் நின்றது,
தூரத்தில் கடல் மட்டும்.
சும்மா நின்றவள்
சும்மாதான் கையை நீட்டினேன் குழாயடியில்.

குளிர்.

ஊசிமுனை அளவு குளிர்.
குனிந்து பார்ப்பதற்குள் உள்ளங்கை காய்ந்திருந்தது.
எண்ணினேன்.
ஏழு விநாடிக்கு ஒரு சொட்டு.
ராவும் பகலும், ஞாயிறு பூசை நேரத்திலும்,
ஏழு விநாடிக்கு ஒரு சொட்டு.
பெருக்கிப் பார்த்தேன், மாதம் பன்னிரண்டு லிட்டர் சொச்சம்.

கழற்றினால் உள்ளே வாஷர்
ஊறின உளுந்தாய் உப்பியிருக்கிறது.
அருமனை, குலசேகரம், மலைச்சரிவெல்லாம் ரப்பர்,
ரப்பர் விலையைப் பார்த்துக்
கல்யாணத் தேதி குறிக்கிற ஜில்லா.
இதன் முன்னால் மட்டும் ரப்பர் நிற்காது.

கோட்டாற்றில் செய்யது மசூது கடையில்
கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று
வாஷர்கள் மட்டும் வாங்கிவந்தேன்.
ஊறுகாய்ப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி
மூன்றையும் போட்டு மூடினேன்.
மூன்று நாளில் கறுப்பு ஒன்றரை மடங்கு,
சிவப்பு லேசாய்ப் பொருமியிருந்தது,
வெள்ளை போட்டபடியே.
பாட்டிலோடு போய்க் கடையில் வைத்தேன்.
"டெஃப்லான் உள்ளது வேணும்.
கையை எடுத்தால் தானே மூடணும்.
முக்கால் அங்குல மரை."
மசூது மூக்கைப் பொத்திக்கொண்டே
ஏணியில் ஏறினார்.

ஆயிரத்து எழுநூறு.
"குழாய்க்கா?" என்றார் முதலாளி.
"வின்சிலாஸின் ஒரு மாசச் சம்பளத்தை
எந்தப் பத்தியில் எழுதட்டும்?" என்றேன்.
பேனாவைத் தேடுவதுபோல்
ரொம்ப நேரம் தேடினார்.

இப்போது ஸ்பிரிங் குழாய்.
மேல்மூடியில் வலை வைத்த காற்றுவழி,
அது இல்லாவிட்டால் டிரம் விக்கி விக்கித்தான் தரும்.
பொறி பறக்காமலிருக்க
டிரம்மிலிருந்து மண்ணுக்கு ஒரு செம்புக் கம்பி,
பிடிக்கிற தகர டப்பாவுக்கும் ஒன்று.
பிரஷ்ஷோடு ஓடுகிறவன் மறந்துபோகலாம்,
ஸ்பிரிங் மறக்காது.

நீண்டகரை யார்டுக்குப் போன் போட்டேன்.
"பெல்சியா?"
பிறகு அவன் பக்கம் கிரைண்டர் சத்தம்.
சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன்.
"வாஷர் என்ன?"
"டெஃப்லான்."
"மேல காத்து வழி?"
"வச்சாச்சு."
இன்னும் கொஞ்சம் கிரைண்டர்.
"கோட்டு அங்கேயே கிடக்கட்டு" என்றான்.

டிரம் பக்கத்து ஆணியிலிருந்து எடுத்து
வாசம் ஏறாத சுவரில்
மாற்றி மாட்டினேன்.