ஜன்னலின் இறந்தகாலம்

படகு என்று இந்த ஊருக்குப் பெயர்.
ஆற்றையோ குழாயில் அடைத்துப் புதைத்துவிட்டு
மேலே டிராம் விடுகிறார்கள்.
வூட்ஜில் எனக்கு இது நான்காவது குளிர்காலம்.

என் மொழியில்
'வருகிறேன்' என்று யாரும் சொல்லலாம்.
'வந்தேன்' என்றால்தான்
வினைச்சொல்லின் வாலைத் தூக்கிப் பார்க்கும்,
ஆணா, பெண்ணா.
அதனால் நேற்றைப் பற்றி நான் பேசுவதில்லை.
சாப்பிட்டாயா என்றால் 'பசியில்லை.'
ஏன் தாமதம் என்றால் 'டிராம் போய்விட்டது.'
கோப்பை உடைந்தால், உடைந்தது;
உடைத்த கை எவருடையதும் அல்ல.
தொலைபேசியில் அம்மா அலுத்துக்கொள்கிறாள்:
'உன் வாழ்க்கையை யாரோ பக்கத்து வீட்டார்
வாழ்வது போலவே சொல்கிறாயே!'

நல்லவேளை, குடும்பப் பெயர் வ்ரூபெல்.
சிட்டுக்குருவி.
ஆளைப் பார்த்து முடிவு மாறாத பெயர்.
வகுப்பில் எல்லோருக்கும் நான் அதுதான்.

மூன்றாம் மாடி. ஒரு காலத்தில் பருத்தி ஆலை.
ஹீட்டர் இருமுகிறது, முயல் பசை
நனைந்த நாய் போல நாறுகிறது.
தையல் பத்திரிகையின் வடிவத்தாளை விரிக்கிறேன்:
ஆண் சட்டை, பெண் சட்டை, எட்டு அளவுகள்,
எல்லாக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று.
உங்கள் கோட்டை மட்டும் பின்பற்றுங்கள்
என்கிறது ஓரத்துக் குறிப்பு.
எல்லாக் கோடுகளிலும் கத்தரி போகிறது.
மிஞ்சுவது நார்.
அந்த நாரை மெழுகில் தோய்த்து
ஒரு தோளைக் கட்டுகிறேன், நிற்கிறது;
மறு தோள் நிற்க மாட்டேன் என்கிறது.

பவூத்தி சந்தையில் பொத்தான்களை
நிறுத்து விற்கிறார் போகுமிவ்.
'யாருக்கு?'
'சட்டைக்கு.'
'சட்டை யாருக்கப்பா... அம்மா...'
தராசின் முள்ளைப் போல ஆடி நிற்கிறது அவர் நாக்கு.
ஆணுக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம்.
இரண்டு பக்கமும் பொத்தான், துளையே கிடையாது என்கிறேன்.
'அப்புறம் எப்படிப் பூட்டுவது?'
தெரியவில்லை.
இருபது கிராம் கூடுதலாகப் போட்டுக் கொடுக்கிறார்.

நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே.
பதினான்கு வயதில், நிமோனியாவின்போது எடுத்தது.
விலா எலும்புகள் ஏணிப்படி போல வெறுமனே இருக்கின்றன,
ஓரத்தில் மட்டும் மருத்துவமனை போட்ட ஒற்றை எழுத்து.
ஊசியால் சுரண்டுகிறேன்.
நாலு நாள்.
கறுப்பு உதிர்ந்த இடத்தில்
அரிசி அளவு வெளிச்சம் நுழைகிறது.
சட்டைக்குள் விளக்கைப் போட்டால்
அது மட்டும் சுவரில் விழுகிறது.
இதை நான் திட்டமிடவில்லை என்று யோவித்தாவிடம் சொல்ல வேண்டும்;
அதற்கும் ஒரு வால் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வால் ஒன்று உண்டு.
முட்டை, கடல், சூரியன், குழந்தை, ஜன்னல்,
இவற்றுக்கெல்லாம் அதுதான்.
பள்ளிக்கூட அட்டவணையில்
'நான்' வரிசையில் அந்தக் கட்டத்தில் வெறும் கோடு.
ஜன்னல் எங்கே வாய் திறக்கப்போகிறது
என்று நினைத்திருப்பார்கள்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர்.
ஒருவர் பொருள்களின் பட்டியல் கேட்கிறார்.
ஒருவர், 'இது தன்வரலாறா?'
மூன்றாமவர் சட்டைக்குள் தலையை விட்டு
நன்றாகத் தும்முகிறார்.
பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டே,
'இந்த வெளிச்சம்... எப்படிச் செய்தது?'

சுரண்டினேன், என்கிறேன்.
ஜன்னலின் வாலோடு.
புதுச் செருப்பு போலக் கடிக்கிறது வாயில்.
'மன்னிக்கவும், காதில் விழவில்லை.'
சுரண்டினேன். வெட்டினேன். ஒட்டினேன்.
இரண்டாவது தோளை மூன்று முறை பாழாக்கினேன்.
பசையை அடுப்பில் மறந்துவிட்டு
யோவித்தாவோடு தெருவில் பனிக்கட்டி எறிந்தேன்.
யாரும் கேட்காததையெல்லாம் சொல்கிறேன்,
நிறுத்த முடியவில்லை.
பட்டியல் கேட்டவர் பேனாவை மூடிவிட்டார்.

இரவு அம்மா.
'அறைக்கு வந்தாச்சா?'
'வந்தேன்.'
மறுமுனையில் ஏதோ பாத்திரம் கொதிக்கிற சத்தம்.
'என்ன, சளி பிடித்திருக்கிறதா?
கடைசியில் குரல் ஒரு மாதிரி போகிறதே.'